அரபு எழுத்தும் அரூப ஓவியமும் ஒட்டவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

நாணல்_பேனா (கிருஷ்ணகிரி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தாதா, அதாவது அப்பாவின் அப்பா, ஒரு காத்திப். உருதுவைக் கையால் எழுதிக் கொடுப்பவர். பழையபேட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, பள்ளிவாசல் சுவர் என்று உருது எழுத்து எங்கே தேவைப்பட்டாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். கம்ப்யூட்டரில் உருது வந்த பிறகு வேலை குறைந்து கடைசியில் நின்றே போனது. ஆனாலும் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஒரு தாள் எழுதாமல் டீ குடிக்க மாட்டார். எனக்கு எட்டு வயது இருக்கும்போது உட்காரவைத்து நாணல் பேனாவைக் கையில் கொடுத்தார். முதல் ரெண்டு மாதம் புள்ளி மட்டும்தான். பேனாவின் வாய் முழுதும் தாளில் படும்படி சாய்வாக ஒரு சின்ன இழுப்பு, சாய்சதுரமாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் அளவு. அவர் சொல்லிக்கொடுத்த கணக்கில் அலிஃப், அதாவது நேர்கோடாக நிற்கும் முதல் எழுத்து, சுலுஸ் என்ற எழுத்து பாணியில் ஏழு புள்ளி உயரம், உருதுவுக்கு எழுதும் நஸ்தாலிக் பாணியில் மூன்று. நான் எழுதியதன் மேலேயே சிவப்பு மையில் புள்ளி வைத்து, எங்கே கூடிவிட்டது, எங்கே குறைந்துவிட்டது என்று காட்டுவார். திட்டியதே இல்லை. அவர் தவறி நாலு வருடம் ஆகிறது.

இப்போது நான் பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யார்டில் கணக்கு எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்கக் கல்தான். குவாரியிலிருந்து பிளந்து வரும் பிளாக்கின் பக்கவாட்டில் டிரில் போட்ட தடம் மேலிருந்து கீழே வரிசையாக நிற்கும், ஒரே இடைவெளியில், ஒவ்வொன்றும் நெடுக்காகப் பாதி பிளந்த குழாய் மாதிரி. காலை வெயில் சாய்ந்து விழும்போது தடத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்து, யாரோ அலிஃப் அலிஃபாக எழுதி அடுக்கி வைத்தது போலவே தெரியும். அதைப் பார்த்துத்தான் அக்ரிலிக் வாங்கி ஓவியம் ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும். சாம்பலும் ரோஸும் கலந்து ஆறு ஓடுவது போல வரி ஓடுமே ஒரு கல், அந்த நிறங்களைக் கத்தியால் இழுத்து, சுரண்டி, மேலே மறுபடி இழுத்து. அது நன்றாகவே வருகிறது.

பிரச்சனை, அதன் மேல் எழுத்து வைக்கும்போதுதான். கல்லின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி எழுத்து தனியாக நிற்கிறது, கீழே இருக்கும் ஓவியம் தனியாக நிற்கிறது. நாணல் பேனா கேன்வாஸின் நெசவில் மாட்டிக்கொள்கிறது. பிரஷ்ஷில் எழுதினால் மெலிய வேண்டிய இடத்தில் எழுத்து தடித்துவிடுகிறது. தாதாவின் கரி மை அக்ரிலிக் மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடுகிறது.

இன்னொன்று, இதுதான் மனதில் அதிகமாக உறுத்துவது. ஒரு குர்ஆன் வசனத்தை எழுதி, பாதி எழுத்துகள் வண்ணத்துக்குள் மூழ்கும்படி செய்திருந்தேன். மாமு வந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "இதை எங்கே மாட்டுவாய்?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியே எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

பெங்களூரில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் ஒரு கடைக்குப் போட்டோ அனுப்பியபோது, நீலத்தின் மேல் தங்க நிறத்தில் எழுதிக் கொடுங்கள், என்ன எழுதினாலும் பரவாயில்லை, யாரும் படிக்கப் போவதில்லை என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

எழுத்தும் ஓவியமும் ஒன்றாக என்ன வழி? எழுத்தை எவ்வளவு தூரம் உடைக்கலாம்? இதற்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா?

போர்டு_ஆர்ட்டிஸ்ட் (தருமபுரி):

அம்மா, எனக்கு அரபி ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கடை போர்டு எழுதியவன், ஃப்ளெக்ஸ் வரும் வரைக்கும் அதுதான் சோறு. அதனால் கை வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கேன்வாஸை விடுங்கள். பேனாவுக்கு வழவழப்பான தளம் வேண்டும். நல்ல பிளைவுட் எடுத்து, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை நாலு கோட் அடித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் போடுங்கள். கடைசிக் கோட்டுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தட்டு மாதிரி ஆகிவிடும், பேனா ஓடும். மை உருளுவதற்குக் காரணம், அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக். அதன் மேல் தண்ணீர் மை நிற்காது. எழுதப்போகும் இடத்தில் மேட் மீடியத்தைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு கை பூசினால் பிடிப்பு கிடைக்கும். கரி மைக்குப் பதில் அக்ரிலிக் மையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்துக்குப் பிரஷ் வேண்டாம். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மரச் சட்டத்தை உங்கள் பேனா வாய் மாதிரியே சாய்வாகச் சீவி, அதையே பேனாவாகப் பிடியுங்கள். சாய்வு மாறாமல் பிடித்தால் மெலிவும் தடிப்பும் தானாக விழும்.

ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது என்றீர்களே, அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. எழுத்தை முதலில் எழுதிவிடுவோம், அப்புறம் பின்னணிக் கலரை எழுத்தின் ஓரம் வரைக்கும் கொண்டுவந்து வெட்டுவோம். எழுத்தை வெளியிலிருந்து செதுக்குவது மாதிரி. எழுத்து மேலே உட்காராது, உள்ளே உட்காரும். எழுத்துக்கு அடியில் ஏற்கனவே இருந்த சாம்பலும் ரோஸும் எழுத்தாகவே தெரியும், சுற்றி இருப்பதுதான் புதுக் கலர். நீங்கள் எப்போதும் ஓவியத்தை முடித்துவிட்டுக் கடைசியில் எழுத்துக்கு வருகிறீர்கள், அதனால்தான் ஒட்டவில்லை. நடுவிலேயே வாருங்கள். எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, மறுபடி வெட்டி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படிக்க முடியாத எழுத்து எழுத்தே இல்லை என்பது என் எண்ணம். தள்ளி நிற்பவன் படிக்கவேண்டும், அதற்குத்தான் எழுதுகிறோம்.

சித்திர_வாத்தியார் (ஓசூர்):

போர்டு அண்ணன் சொன்ன கைவேலை அத்தனையும் சரி, அப்படியே செய்யுங்கள். ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னாலே ஏன் என்று புரியும்.

நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், உங்கள் தாதா வயதுக்காரர்கள். அரபு நாடுகளில் இதற்கு ஹுருஃபிய்யா என்றே பெயர், ஹுரூஃப் என்றால் எழுத்துகள். ஈராக்கைச் சேர்ந்த மதீஹா உமர் என்ற பெண் ஓவியர் 1949-இலேயே வாஷிங்டனில் அரபு எழுத்தை வைத்து வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1971-இல் பாக்தாதில் ஷாகிர் ஹசன் அல் சயீத் ஒற்றைப் பரிமாணம் என்று ஒரு குழுவைத் தொடங்கினார், சுவரில் கிறுக்கியது போலவும் கீறல் விழுந்தது போலவும் அவர் படங்களில் எழுத்து இருக்கும். ஈரானில் சார்லஸ் ஹுசைன் ஜெந்தெரூதி 1960-களில் எழுத்தையே துணி மாதிரி நெய்தார்.

ஆனால் உங்கள் நிலைமைக்கு ரொம்ப நெருக்கமானவர் சூடானைச் சேர்ந்த இப்ராஹிம் அல் சலாஹி. 1950-களில் லண்டனில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பி கார்ட்டூமில் கண்காட்சி வைத்தார், மக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் ஊர் ஊராகப் போய், வீட்டில் என்ன மாட்டியிருக்கிறார்கள், எதை அழகு என்கிறார்கள் என்று பார்த்தார். எங்கும் எழுத்து இருந்தது. படத்தின் மூலையில் சின்னதாக அரபு எழுத்தை வைக்க ஆரம்பித்தார், ஆட்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்து படம் முழுக்கப் பரவியது, கடைசியில் எழுத்தை உடைத்தார். உடைத்த பிறகு அதற்குள்ளிருந்து முகமும் மிருகமும் செடியும் வெளியே வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். 2013-இல் லண்டன் டேட் மாடர்னில் அவருடைய வாழ்நாள் வேலை முழுவதற்கும் பெரிய கண்காட்சி நடந்தது. மூலையில் ஒட்டியதிலிருந்துதான் அவரும் ஆரம்பித்தார், அதனால் நீங்கள் இப்போது இருக்கும் இடம் தப்பான இடம் இல்லை.

நம் ஊர் ஆளையும் சொல்லவேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர், கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையை வரைந்தார். அதில் இருப்பவை மலையாள எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் படிக்க முடியாது, ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் வரும். மாணவனாக அதன் முன்னால் நின்றபோது படிக்க முடியவில்லையே என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் எதையோ ரொம்ப முக்கியமாக எழுதி வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

உடைக்காமலும் செய்யலாம். அலிகாரில் பிறந்த ஜரீனா 1999-இல் 36 மரச்செதுக்கு அச்சுகள் செய்தார், ஒவ்வொன்றிலும் ஒரு உருதுச் சொல், அதனுடன் சில எளிய கோடுகளால் ஆன ஒரு வடிவம். சொல் உடையவே இல்லை, சுத்தமான நஸ்தாலிக். ஆனால் கோடும் சொல்லும் ஒரே கையின் வேலையாகத் தெரியும், ஏனென்றால் ரெண்டிலும் ஒரே அடக்கம் இருக்கிறது. அவருடைய மொழிதான் உங்கள் மொழியும், கட்டாயம் பாருங்கள்.

உங்கள் தாதாவின் பயிற்சித் தாள்கள் எங்கே? எறிந்துவிடவில்லையே? ஈரானில் சியாஹ் மஷ்க் என்று ஒன்று உண்டு, கறுப்புப் பயிற்சி என்று சொல்லலாம். பயிற்சிக்கு ஒரே எழுத்தை எழுதி எழுதி, இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி அதன் மேலேயே எழுதி, தாள் முழுக்கக் கறுத்துவிடும். படிப்பதற்காக எழுதியது இல்லை, கையைப் பழக்குவதற்காக எழுதியது. 19-ஆம் நூற்றாண்டில் மீர்சா குலாம் ரிசா இஸ்ஃபஹானி போன்றவர்கள் அதையே ஒரு கலை வடிவமாக ஆக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அரூபம் வெளியிலிருந்து வந்து எழுத்தோடு சேரவேண்டிய அவசியமே இல்லை, எழுதுபவன் வீட்டுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால் கத்தியும் கல்லின் நிறமும் ரெண்டாம் பட்சம், அந்தத் தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.

மக்தப்_உஸ்தாத் (காவேரிப்பட்டணம்):

அஸ்ஸலாமு அலைக்கும் மகளே. உங்கள் மாமு ஒன்றும் சொல்லாமல் போனது நல்ல மனிதர் செய்கிற காரியம், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே மாட்டுவாய் என்று கேட்டதில் பாதிப் பதில் இருக்கிறது.

நான் படித்ததையும் எங்கள் ஹஜ்ரத்மார்களிடம் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். வசனம் என்று எழுதினால் அதில் ஒரு எழுத்தும், ஒரு புள்ளியும் குறையக்கூடாது, இடம் மாறவும் கூடாது. பார்க்கிறவர் தப்பாகப் படிக்க இடம் கொடுக்கக்கூடாது. அப்புறம் அது மரியாதையான உயரத்தில் இருக்கவேண்டும், விற்றால் வாங்குபவர் எங்கே வைப்பார் என்பதையும் யோசிக்கவேண்டும். என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை என்று சொன்ன கடைக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். கொடுக்காமல் விட்டது சரி.

ஆனால் எழுத்து வேறு, வசனம் வேறு. அலிஃப், வாவ், நூன் என்று தனி எழுத்தை நீங்கள் சாய்த்தும் அடுக்கியும் எழுதுவதில் எனக்குத் தடை தெரியவில்லை. அது எழுத்துப் பயிற்சியாகக் காலம் காலமாக நடந்ததுதான். தனி எழுத்துக்கே தனி மதிப்பும் உண்டு. குர்ஆனில் 29 சூராக்கள், அதாவது அத்தியாயங்கள், இப்படித் தனித்தனி எழுத்துகளோடுதான் தொடங்குகின்றன. அவற்றில் 68-ஆவது சூரா நூன் என்ற ஒரே எழுத்தில் தொடங்கி, அடுத்த சொல்லிலேயே எழுதுகோலின் மேல் சத்தியம் செய்கிறது. அந்த சூராவுக்குப் பெயரே கலம், அதாவது எழுதுகோல். காத்திப் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நூனிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன், ஒரு கிண்ணமும் மேலே ஒரு புள்ளியும், நீங்கள் ரெண்டு மாதம் எழுதிய அதே புள்ளி.

அலமாரி மேல் இருக்கும் படத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்படியே விடாதீர்கள். மூழ்கிய எழுத்துகளைத் திருத்தி முழுதாக்க முடியுமானால் திருத்துங்கள். முடியாவிட்டால் எழுத்துகள் முழுக்க மறையும்படி வண்ணம் பூசிவிடுங்கள்.

காயல்_பேரன் (ஓசூர்):

எங்கள் பெரியம்மா இன்னும் அரபுத்தமிழ் படிப்பார், எழுத்து அரபு, மொழி தமிழ். ட, ண, ங போல அரபியில் இல்லாத ஒலிகளுக்கு ஏற்கனவே இருக்கும் எழுத்துகளில் கூடுதலாகப் புள்ளி வைத்துப் புது எழுத்து செய்துகொண்டார்கள். வசனத்தைத் தொடத் தயக்கமாக இருந்தால் கல், மலை, மாம்பழம் என்று உங்கள் ஊர்ச் சொல்லையே அந்த எழுத்தில் எழுதுங்கள். சையத் பாஷா மலையைத் தமிழ்ச் சொல்லாக அரபு எழுத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

போர்டு_ஆர்ட்டிஸ்ட் (தருமபுரி):

வாத்தியார் சொன்னதை ரெண்டு நாள் யோசித்தேன். பழைய வேலைகளை நினைத்துப் பார்த்தால், எண்ணெய்ச் செக்குக் கடை ஒன்றுக்குப் பதினைந்து வருடத்தில் மூன்று முறை அதே சுவரில் எழுதியிருக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்து மூன்று எழுத்தும் ஒன்றாகத் தெரிந்தபோது நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அதைப் படிக்க முடியாதுதான். ஆனால் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் படிக்கிற மாதிரி ஒழுங்காக எழுதியதால்தான் அப்படித் தெரிந்தது என்று நினைக்கிறேன். முதலிலேயே கிறுக்கியிருந்தால் வெறும் கறைதான். அதனால் அம்மா, ஒவ்வொரு அடுக்கையும் சரியாகவே எழுதுங்கள், மேல் அடுக்கு மறைத்தால் மறைக்கட்டும்.

பெரிதாக வரும் எழுத்தின் வடிவத்தை மாற்ற வேண்டுமானால், தாளில் எழுதி, கோட்டின் மேல் ஊசியால் குத்தி, துணியில் கரித்தூள் கட்டி ஒற்றி எடுங்கள். சுவரில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

நாணல்_பேனா (கிருஷ்ணகிரி):

நாலு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மாத முடிவுக் கணக்கு இருந்தது.

ஊசி குத்தி ஒற்றுவதைப் படித்ததும் அம்மா சிரித்துவிட்டார். அம்மா ஆரி வேலை செய்கிறவர், ஜாக்கெட்டுக்கு ட்ரேசிங் ஷீட்டில் குத்தி டிசைன் இறக்குவது அவருக்குத் தினப்படி வேலை. தாதாவும் பள்ளிவாசல் சுவருக்குப் பெரிய எழுத்தை அப்படித்தான் இறக்கினாராம், எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. இந்த முறை குத்திக் கொடுத்தது அம்மாதான்.

வாத்தியார் கேட்ட தாள்கள் தகரப் பெட்டியில் இருந்தன. தாதா தாளுக்கு முட்டை வெள்ளையும் படிகாரமும் பூசி, காய்ந்ததும் சோழியால் தேய்ப்பார், அதனால் இத்தனை வருடம் கழித்தும் தாள் வழவழப்பாக இருக்கிறது. அடியில் நான் எழுதிய தாள்களையும் வைத்திருந்தார். ஒன்பது வயதில் எழுதியது, நூன் மட்டும், மேலே கீழே பக்கவாட்டில், தாளைத் திருப்பி மறுபடி, எண்ணிப் பார்த்தேன், 46. அத்தனையின் மேலும் அவருடைய சிவப்புப் புள்ளிகள். கறுப்பு வளைவுகளுக்கு நடுவில் சிவப்புச் சாய்சதுரங்கள் சிதறிக் கிடக்கின்றன. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது இத்தனை நாள் நான் வரைய நினைத்தது இதைத்தான் என்று தெரிந்துவிட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய ஓடவில்லை.

18-க்கு 24 இஞ்ச் பிளைவுட்டில் ஆரம்பித்தேன். முதலில் சாம்பல், அதில் மரச் சட்டப் பேனாவால் நூன். சுற்றி ரோஸ் கொண்டுவந்து வெட்டினேன். பலகையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி நூன், மறுபடி வெட்டு. மொத்தம் ஆறு அடுக்கு. இடது ஓரத்தில் மட்டும் டிரில் தடம் மாதிரி அலிஃப் வரிசை, எல்லாம் ஏழு புள்ளி. எந்த அடுக்கிலும் கணக்கை விடவில்லை, போர்டு அண்ணன் சொன்னது உண்மை, கீழ் அடுக்கில் கணக்கு தவறினால் மூன்றாவது அடுக்கிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடைசியில் சிவப்புப் புள்ளிகள். அவை அலங்காரத்துக்கு இல்லை, தாதா வைப்பது போல அளந்து, அளவு காட்டத்தான் வைத்தேன். எழுத்து தனியாகத் தெரியவில்லை இப்போது. சில நூன்கள் முழுசாகத் தெரிகின்றன, சிலவற்றின் புள்ளி மட்டும்தான் மிச்சம்.

அலமாரி மேல் இருந்ததை உஸ்தாத் சொன்னபடி வண்ணம் பூசி மூடிவிட்டேன். அரபுத்தமிழ் யோசனையை அடுத்ததுக்கு வைத்திருக்கிறேன், மலை என்ற சொல்லை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாமு வந்தார். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இந்த முறை கிட்டே போய் உட்கார்ந்து, விரலால் தொடாமல் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அப்புறம் கீழ் வலது மூலையைக் காட்டி, "இந்த நூனின் கிண்ணம் அரைப் புள்ளி அகலம் கூடிவிட்டது" என்றார். அவரும் சின்ன வயதில் தாதாவிடம் எழுதியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். டிவைடர் வைத்து அளந்தேன், அரைப் புள்ளி கூடித்தான் இருக்கிறது.

போர்டு அண்ணா, அது மேலிருந்து ரெண்டாவது அடுக்கு. அந்த இடத்தை மட்டும் எடுத்துத் திருத்தினால் கீழே இருக்கும் அடுக்குகள் தாங்குமா?

போர்டு_ஆர்ட்டிஸ்ட் (தருமபுரி):

தாங்கும். நன்றாகக் காயட்டும், ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, 600 நம்பரைத் தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றி மெதுவாக. கீழ் நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள்.